தேக்குக்கும் பூர்வீகம் உண்டு

சம்பந்தம் பேச வருகிறவர்களிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் என்ன கேட்பார்கள்? "உங்களுக்குப் பூர்வீகம் எது?" என்றுதானே? பையன் சென்னையில் பிறந்து, பெங்களூரில் படித்து, அமெரிக்காவில் உத்தியோகம் பார்த்தாலும் சரி, பூர்வீகம் தெரியாமல் மேற்கொண்டு பேச்சு நகராது. மனிதர்களோடு நிறுத்திக் கொள்கிறோமா? அதுவும் இல்லை. மல்லிகை என்றால் மதுரையா என்கிறோம். வெற்றிலைக்குக் கும்பகோணம், பலாப்பழத்துக்குப் பண்ருட்டி, மஞ்சளுக்கு ஈரோடு. தலையில் வைத்து மாலைக்குள் வாடிப்போகிற பூவுக்கு ஊர் விசாரிக்கிற நாம், லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் வாசற்கதவுக்கு மட்டும், "தேக்குதானே?" என்ற ஒரே கேள்வியோடு திருப்தி அடைந்துவிடுகிறோம்!

"தேக்குதான் அம்மா, சந்தேகமே வேண்டாம்" என்கிறார் கடைக்காரர். அவர் பொய் சொல்லவில்லை. தேக்குதான். ஆனால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே தாத்தா வீட்டில் வளர்ந்தவன் ஒரு மாதிரி, அம்மாவிடம் வளர்ந்தவன் ஒரு மாதிரி என்று ஆகிவிடுவதில்லையா? மரமும் அப்படித்தான். ஆற்றங்கரை வண்டலில் வளர்ந்த தேக்கு ஒரு குணம். வறண்ட மலைச்சரிவில் வளர்ந்த தேக்கு இன்னொரு குணம். அவசர அவசரமாக வெட்டப்பட்டது மூன்றாவது குணம். பெயர் ஒன்றுதான், குணம் ஒன்றல்ல.

இதையெல்லாம் நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்பீர்கள். என் மாமனார் நாற்பது வருஷம் மரவாடி நடத்தியவர். நான் கல்யாணமாகி வந்த புதிதில், மரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் எது அடுப்பில் புகையும், எது புகையாது என்பதுதான். அவர் ஒரு கட்டையின் அறுத்த முகத்தைக் கையால் தடவிப் பார்த்து, "இது நல்ல மழையில் வளர்ந்தது அம்மா. இதோ இது, தண்ணீருக்குத் தவித்து வளர்ந்தது" என்பார். கைரேகை பார்த்து ஜோசியம் சொல்வது போல் இருக்கும் எனக்கு. அவர் சொன்னது, பிற்பாடு நான் படித்தது, நேரில் போய்ப் பார்த்தது எல்லாவற்றையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன். வீடு கட்டுகிற சகோதரிகளுக்கு உபயோகப்படும். வீடு கட்டாதவர்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது; என் சித்தியின் கதை ஒன்று பின்னால் வருகிறது.

* * *

முதலில் தேக்கின் பிறந்த வீட்டைப் பார்த்துவிடுவோம். தேக்கு என்ற பெயரே நம் பக்கத்துப் பெயர்தான். மலையாளக் கரையில் வந்து இறங்கிய போர்ச்சுகீசியர்கள் இந்தப் பெயரைத் 'தேக்கா' என்று எடுத்துக்கொண்டு போனார்கள். அதுவே ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று. உலகத்தில் தேக்கு தானாக முளைத்துக் காடாக நிற்கிற நாடுகள் நாலே நாலு: இந்தியா, நாம் பர்மா என்று சொல்லிப் பழகிய மியான்மார், தாய்லாந்து, லாவோஸ். மற்ற இடங்களில் எல்லாம் மனிதன் கொண்டுபோய் வைத்ததுதான். ஜாவாவில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இப்போது லட்சக்கணக்கான ஏக்கரில் தேக்குத் தோட்டங்கள் இருக்கின்றன.

பிறந்த வீடுகள் நாலுக்கும் பொதுவான விஷயம் ஒன்று உண்டு. அது பருவமழை. தேக்குக்கு நல்ல மழையும் வேண்டும்; மழையே எட்டிப் பார்க்காத மூன்று நாலு மாதமும் வேண்டும். கோடை வந்ததும் முறம் போன்ற இலைகளை எல்லாம் உதிர்த்துவிட்டு, மொட்டையாக நின்று தூங்கும். மழை தொடங்கியதும் விழித்துக்கொண்டு, தண்ணீரை உறிஞ்சப் பெரிய பெரிய குழாய்களாக மரத்தைக் கட்டும். மழை குறையக் குறைய நெருக்கமாகக் கட்டும். மறுபடி தூக்கம். இப்படி வருஷத்துக்கு ஒரு வளையம் விழுகிறது. இந்த வளையங்களை நீளவாக்கில் அறுத்தால்தான் நம் கதவுப் பலகையில் நாம் வியந்து பார்க்கிற ரேகை. வருஷம் முழுவதும் தூறிக்கொண்டே இருக்கிற ஊரில் தேக்கை வைத்தால் மரம் வளரும். ஆனால் வளையம் தெளிவாக விழாது. தூக்கம் இல்லாத பிள்ளைக்கு முகக்களை வராது அல்லவா?

இனி மண்ணுக்கு வருவோம். மண் என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் கேரளத்தில் மலப்புறம் ஜில்லாவில் இருக்கும் நிலம்பூருக்குப் போக வேண்டும்.

1840-களில் மலபார் கலெக்டராக இருந்தவர் கனோலி. கப்பல் கட்டுவதற்குத் தேக்கு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து ஓயாத நெருக்கடி. காட்டு மரமோ தீர்ந்துகொண்டு வந்தது. சரி, நட்டே வளர்த்துவிடலாம் என்று அவர் தீர்மானித்தார். தீர்மானிப்பது சுலபம், விதை முளைக்க வேண்டுமே! தேக்கின் கொட்டை கல் மாதிரி. எத்தனையோ விதமாக விதைத்துப் பார்த்தும் பலன் இல்லை. கடைசியில் சாத்து மேனன் என்ற உள்ளூர் அதிகாரி பொறுப்பேற்றார். முளைக்க வைக்கும் பக்குவத்தைக் கண்டுபிடித்து, கன்றுகளை வளர்த்து, நிலம்பூரைச் சுற்றி நட்டார். உலகத்திலேயே மிகப் பழைய தேக்குத் தோட்டம் இதுதான். அந்தக் காலத்து மரங்களில் நூற்றுச் சொச்சம் இன்றும் நிற்கின்றன. அவற்றில் ஒன்று நாற்பது மீட்டரைத் தாண்டிய உயரம். அண்ணாந்து பார்த்தால் புடவைத் தலைப்பு தோளிலிருந்து நழுவுகிறதே தவிர, உச்சி தெரிவதில்லை!

அந்த மரங்கள் எங்கே நிற்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சாலியாற்றின் கரையில். ஆறு ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அங்கே ஆள் உயரத்துக்கும் மேல் ஆழம். வருஷத்தில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டினாலும், தண்ணீர் தேங்காமல் மண்ணுக்குள் இறங்கி ஆற்றுக்குப் போய்விடுகிறது. அதே நிலம்பூரில், அதே மழையில், ஆற்றங்கரையை விட்டு மேலே ஏறிச் செம்புறாங்கல் மண்ணுக்கு வாருங்கள். அதே ஜாதி மரம், கூனிக் குறுகி, கோணல் மாணலாக நிற்கும். நடுவில் உள்ள தூரம் அதிகம் இல்லை. வித்தியாசம் மண்ணில்தான்.

தேக்கின் வேருக்கு மண்ணிடம் மூன்று எதிர்பார்ப்புகள் உண்டு. முதலாவது ஆழம்: கீழே பாறை தட்டினால் மரம் அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது வடிகால்: காலடியில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும், களிமண் பள்ளத்தில் தேக்கு பிழைக்காது. மூன்றாவது சுண்ணாம்புச் சத்து: பிள்ளைத்தாய்ச்சிக்கு டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுப்பதுபோல், தேக்குக்கும் அது அவசியம். பலகையை இழைக்கும்போது சில இடங்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி அரித்த தூள் என்று பயப்பட வேண்டாம். மண்ணிலிருந்து மரம் எடுத்துச் சேர்த்து வைத்த சுண்ணாம்புச் சத்துதான் அப்படிப் படிந்திருக்கும். மணலில் உள்ள சிலிக்காவையும் தேக்கு கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆசாரி பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உளியைத் தீட்ட உட்காருகிறாரே, வேலைக்குச் சுணங்கி அல்ல. மரத்துக்குள் இருக்கும் மணல் சத்து உளியின் முனையை மழுக்கிவிடுகிறது.

வன இலாகாவினர் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஐம்பது வயதில் தேக்கு எவ்வளவு உயரம் வளரும் என்பதை வைத்து நிலத்தை நாலு தரமாகப் பிரிப்பார்கள். முதல் தர நிலத்தில் மரம் நூறடியைத் தாண்டி நிற்கும். நாலாம் தர நிலத்தில் அதில் பாதிதான். பிள்ளையின் மார்க்கை வைத்து வாத்தியாரை எடை போடுவது போல, மரத்தின் உயரத்தை வைத்து மண்ணை எடை போடுகிறார்கள்!

* * *

"அப்படியானால் நிலம்பூர் மரமே வாங்கிவிட்டால் போயிற்று" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் ஒரு வேடிக்கை இருக்கிறது.

தெலுங்கானாவில் அடிலாபாத், அதற்கு வடக்கே மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் பக்கம் எல்லாம் மழை குறைவு. நிலம்பூர் மழையில் பாதிகூட இல்லாத இடங்கள் உண்டு. கோடையோ தகிக்கும். அங்கே தேக்கு நூறடி வளருவதில்லை. பெரிய உத்தரத்துக்கு நீளமான மரம் கிடைப்பது அபூர்வம். ஆனால் அறுத்துப் பார்த்தால், அந்த நிறம்! அடிலாபாத் தேக்கின் வைரத்தில் ரோஜா நிறச் சாயல் ஓடும். சந்திரபூர் மரம் நிறத்துக்கும் நெய்த துணி போன்ற நெருக்கத்துக்கும் பெயர் போனது. கோதாவரிப் பள்ளத்தாக்குத் தேக்கில் இருக்கும் அலங்கார ரேகைக்காகவே அதைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

திருச்சூருக்குப் பக்கத்தில் பீச்சி என்ற இடத்தில் கேரள வன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வீட்டுத் தோட்டங்களில் வளர்ந்த தேக்கைப் பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து அங்குள்ளவர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மழை மிகுந்த இடத்து மரத்தின் வைரம் வெளிறியிருந்தது. பூஞ்சணத்தை எதிர்த்து நிற்கும் சக்தியும் அதில் குறைவாகவே இருந்தது. வறண்ட பக்கத்து மரம் கருமை கலந்த நிறத்தோடு, அதிக எதிர்ப்புச் சக்தியோடு இருந்தது. காரணம், தேக்கின் நிறமும் மணமும் கறையானை விரட்டும் குணமும் எல்லாம் வைரத்தில் ஊறியிருக்கும் எண்ணெய்ப் பசையான சில பொருள்களால் வருகிறவை. அவை எவ்வளவு ஊறும் என்பது மரம் வளர்ந்த இடத்தையும் பொறுத்தது.

ஆக, செழிப்பான மண் கொடுப்பது உயரமும் பருமனும் நேர்த்தியும். வறட்சி கொடுப்பது நிறமும் ரேகையும். இரண்டும் ஒரே மரத்தில் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். மூத்த மருமகளுக்குக் கைமணம், இளைய மருமகளுக்கு வாய்ச் சாமர்த்தியம் என்று மாமியார்கள் சொல்வார்களே, அது மாதிரிதான். யார் உசத்தி என்று கேட்பதில் பிரயோஜனம் இல்லை. எந்த வேலைக்கு யார் என்று கேட்க வேண்டும்.

நீளமும் பருமனும் எங்கே உதவும்? கப்பலில். பம்பாய்த் துறைமுகத்தில் வாடியா குடும்பத்துப் பார்சிக் கைவினைஞர்கள் மலபார்த் தேக்கில் கட்டிய போர்க்கப்பல் ஒன்று 1817-ல் தண்ணீரில் இறங்கியது. இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் இன்னும் மிதந்துகொண்டிருக்கிறது. கப்பலின் பெயர் என்ன தெரியுமா? 'டிரிங்கோமலி'. நம் திருகோணமலைதான்!

* * *

"இதெல்லாம் சரி, பர்மா தேக்கை விட்டுவிட்டாயே?" என்று காரைக்குடிப் பக்கத்து வாசகியர் கோபித்துக்கொள்வார்கள். விடவில்லை.

செட்டிநாட்டு வீடுகளின் முகப்பில், இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் கப்பலில் கொண்டுவந்து இறக்கிய மரம் அது. நூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் ஒரு தூணில் கறையான் ஏறவில்லை. ஒரு கதவு கோணவில்லை. பர்மா தேக்கின் பெயர் நம் ஊரில் மந்திரம் போல் ஆனதற்கு அந்தத் தூண்களே சாட்சி.

ஆனால் அந்தப் பெருமை முழுவதும் மண்ணுக்கு மட்டும் சேர்ந்தது அல்ல. 1856 முதல் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் அங்கே காட்டுக்கு ஓர் ஒழுங்கு ஏற்படுத்தினார். இன்ன சுற்றளவுக்குக் குறைந்த மரத்தைத் தொடக் கூடாது என்பது அதில் முக்கியம். அந்தச் சுற்றளவு வருவதற்குள் மரத்துக்கு நூறு வயது தாண்டிவிடும். இன்னொரு ஏற்பாடும் உண்டு. பச்சைத் தேக்கு தண்ணீரில் மூழ்கும். ஐராவதி நதியில் மிதக்கவிட்டு ரங்கூனுக்குக் கொண்டுபோக வேண்டுமே! ஆகவே மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் ஒட்டியாணம் போல் சுற்றி வெட்டி, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிட்டார்கள். பிறகுதான் கோடாலி, யானை, ஆறு எல்லாம். கிழ மரம், அதுவும் நிதானமாகக் காய்ந்த மரம். செட்டிநாட்டுத் தூண் கோணாமல் நிற்பதன் ரகசியம் இதுதான்.

இப்போது நிலைமை என்ன? தாய்லாந்து 1989-ல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்துவிட்டது. மியான்மார் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மரமாக வெளிநாட்டுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டது. இன்று தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து இறங்கும் தேக்கில் கானா, ஐவரி கோஸ்ட், தான்சானியா, ஈக்வடார், பனாமா என்று பல தேசத்து மரமும் கலந்திருக்கிறது. பெரும்பாலும் தோட்டத்து மரம். இள வயது மரம். கடையில் ஒருவர் உருட்டு மரத்தைக் காட்டி, "போன மாதம்தான் பர்மாவிலிருந்து வந்தது" என்றால், மரியாதையாகச் சிரித்துவிட்டு, சீட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

தோட்டத்து மரம் என்றாலே மட்டம் என்று நான் சொல்லவில்லை. வேகமாக வளர்ந்த மரம் வலுவில்லாதது என்று பலர் சொல்வார்கள். தேக்கைப் பொறுத்தவரை அது முழு உண்மை அல்ல. நல்ல மண்ணில் சுறுசுறுப்பாக வளர்ந்த தேக்கின் உறுதி அப்படி ஒன்றும் குறைந்துவிடுவதில்லை என்று ஆராய்ச்சிக்காரர்கள் கண்டிருக்கிறார்கள். குறை வேகத்தில் இல்லை, வயதில்தான் இருக்கிறது. முதல் இருபது இருபத்தைந்து வருஷத்தில் வளர்வது இளமரம். அதன் நார் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. வைரம் பாயத் தொடங்கவே சில வருஷங்கள் ஆகும். அதுவும் நடுவிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விரியும். சுற்றிலும் இருக்கிற வெளுத்த மரத்தில் அந்த எண்ணெய்ப் பசை கிடையாது. கறையானுக்கு அது தேக்கும் அல்ல, ஒன்றும் அல்ல, சாதாரணப் பலகாரம்!

* * *

இந்த இடத்தில்தான் என் சித்தியின் கதை வருகிறது.

1990-களில் தமிழ்நாட்டில் தேக்கு ஜுரம் ஒன்று அடித்தது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பத்திரிகையைத் திறந்தால் தேக்குத் தோட்ட விளம்பரம். ஒரு தொகையைக் கட்டினால் உங்கள் பெயரில் மரம் நடுவார்கள். இருபது வருஷத்தில் அது லட்சங்களாகத் திரும்பி வரும். சித்தப்பா அப்போதுதான் காலமாகியிருந்தார். அவருடைய பிராவிடண்ட் பண்டு பணம் சித்தியின் கைக்கு வந்த பதினைந்தாவது நாள், ஒரு கம்பெனி ஏஜெண்டு வழுவழுப்பான வர்ணப் புஸ்தகத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். புஸ்தகத்தில் இருந்த படங்கள் எல்லாம் ஆற்றங்கரை வண்டலில் நிற்கிற வயசான மரங்கள். "உங்கள் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து அவன் காலேஜுக்குப் போகும்போது, இந்த மரமே பீஸ் கட்டும் அம்மா" என்றாராம். சித்திக்கு அந்த வார்த்தை பிடித்துப்போயிற்று. இருந்ததில் பாதியைக் கொடுத்துவிட்டாள்.

நாலு வருஷம் கழித்து ஏஜெண்டும் இல்லை. கம்பெனியின் கதவும் திறக்கவில்லை. இம்மாதிரித் திட்டங்களுக்குச் செபி ஸ்தாபனம் 1999-ல் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. அதற்குள் சித்தியின் பணம் போய்விட்டது. பத்திரக் கட்டு மட்டும் பீரோவில் மிஞ்சியது.

ஒரு நாள் சித்தி, "அந்த மரங்களையாவது ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம், வா" என்றாள். பத்திரத்தில் இருந்த விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனோம். பொட்டல் காடு. ஒரு முழம் தோண்டினால் பாறை. பள்ளமான பக்கத்தில் களிமண். அங்கே நட்டதெல்லாம் மழைத் தண்ணீர் தேங்கிச் செத்துப் போயிருந்தது. மேட்டில் பிழைத்து நின்றவை என் மணிக்கட்டுப் பருமன். நான் ஆத்திரத்தில், "இதுவா தேக்கு! விறகுக்குக்கூட ஆகாது" என்றேன். சித்தி ஒரு மரத்தின் இலையைத் தடவிக்கொண்டே, "அதைத் திட்டாதே அம்மா. நட்ட இடம் அப்படி. அது என்ன செய்யும் பாவம்?" என்றாள்.

அந்த ஏஜெண்டு மரத்தின் பெயரை விற்றார். மண்ணைப் பற்றி வாய் திறக்கவில்லை. வயதைப் பற்றிப் பொய் சொன்னார். நிலம்பூர் மண்ணிலேயே வன இலாகா தேக்கை ஐம்பது அறுபது வருஷம் வளர்த்துத்தான் வெட்டுகிறது. அதை ஒரே ஒருவர் அன்று சித்திக்குச் சொல்லியிருந்தால் போதும். பாதிப் பணம் பிழைத்திருக்கும். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுவே காரணம். தேக்கு, சந்தனம், செம்மரம் என்று பெயரை மாற்றிக்கொண்டு வேறு யாராவது உங்கள் வீட்டுப் படியேறலாம். "எந்த மண்? எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், காப்பி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

* * *

சரி, மரவாடிக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புருஷர்கள் விலை பேசட்டும். நீங்கள் இந்தச் சில விஷயங்களைப் பாருங்கள்.

முதலில் கட்டையின் அறுத்த முகம். ஓரத்தில் வெளுப்பாக ஒரு வளையம் இருக்கும்; உள்ளே பொன்னிறமாக வைரம். வெளுப்பு பட்டை எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு உங்கள் பணம் வீண். கன அடிக் கணக்குப் போடும்போது வெளுப்பையும் சேர்த்து அளக்கிறார்களா என்று கேட்கத் தயங்க வேண்டாம். நட்டநடுக் குருத்து உள்ள துண்டைக் கதவுச் சட்டத்துக்குப் போடக் கூடாது, பின்னால் வெடிக்கும்.

இரண்டாவது, நிறம். புதிதாக அறுத்த தேக்கு திட்டுத் திட்டாக, சில சமயம் பச்சை கலந்துகூட இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரத்தில் தானாகப் பொன்னிறம் ஆகும். அறுத்த அன்றே எல்லாப் பலகையும் ஒரே அச்சாகச் செம்பழுப்பாக இருந்தால், யாரோ சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். புதிதாக இழைத்த இடத்தைத் தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கும். முகர்ந்தால் பழைய தோல்பையின் வாசனை வரும்.

மூன்றாவது, எடை. நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன அடி சுமார் 18 கிலோ இருக்கும். அதைவிட மிகவும் கனத்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. ஈரத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்று இப்போது பல கடைகளில் உண்டு. வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. தேக்கு மற்ற மரங்களைவிடக் குறைவாகச் சுருங்குவதால்தான் மழைக்காலத்தில் கதவு பிடித்துக்கொள்ளாமல் இருக்கிறது. பச்சையாக வைத்துவிட்டால் தேக்கும் மானத்தை வாங்கிவிடும்.

கடைசியாக, எந்த வேலைக்கு என்பது. மழையும் வெயிலும் படுகிற வாசல் நிலைக்கும் கதவுக்கும் நேரான ரேகையுள்ள, வயதான மரத்தின் வைரம் வேண்டும். கூடத்து ஊஞ்சலுக்கும் பீரோக் கதவுக்கும் அழகான ரேகை வேண்டுமானால் வறண்ட தேசத்து மரத்தைத் தேடுங்கள். நீளம் குறைவானாலும் பரவாயில்லை. அலமாரித் தட்டு, நாற்காலி, குழந்தைகள் மேஜைக்கு இளம் தோட்டத்து மரமே தாராளமாகப் போதும். எல்லாவற்றுக்கும் பர்மாவை அழைக்க வேண்டியதில்லை. பழைய வீடு இடிக்கிற இடத்தில் நல்ல உத்தரம் கிடைத்தால் அதை விடாதீர்கள். அது ஏற்கெனவே நூறு வருஷம் காய்ந்து பரீட்சை எழுதித் தேறியது!

* * *

நிலம்பூரில் ஆற்றங்கரை மரங்களின் அடியில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. சாத்து மேனன் அந்தக் கன்றுகளைக் கப்பலுக்காக நட்டார். தேக்கு முற்றுவதற்கு வேண்டிய காலம் ஆயிற்று. அதற்குள் உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது. நட்ட காரியம் போய்விட்டது, மரம் நின்றது. அவர் நல்ல மண்ணாகப் பார்த்து நட்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் அவசரப்படாமல் விட்டு வைத்தார்கள். கப்பலாகாத தேக்கு எத்தனையோ வீடுகளுக்கு நிலையும் கதவும் ஊஞ்சலும் தொட்டிலுமாக ஆகியிருக்கிறது.

நட்டவர் நினைத்தது நடக்காமல் போனாலும், நட்ட இடம் சரியாக இருந்தால் மரம் யாருக்காவது பலன் கொடுத்துவிடுகிறது. சித்தியின் தேக்குக்கு அந்த இடம்தான் வாய்க்கவில்லை.